அறியாமை என்று எழுதாதீர்கள்

"என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் இந்தக் கடன் தீராது" என்று நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் கோலார் தங்கவயல் லைன் வீடுகளில் இன்றும் உண்டு. தோலைக் கொடுப்பதே ஆகப் பெரிய கைம்மாறு என்று பேச்சிலேயே வைத்திருக்கும் இம்மக்களை, தோல் தானம் குறித்த 'விழிப்புணர்வு அற்றவர்கள்' என்று நம் ஆய்வுலகம் ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது. அந்த வரியை நான் மறுக்கிறேன்.

இத்தகைய கட்டுரைகளின் வடிவம் நமக்குப் பழகியதுதான். 'கேள்விப்பட்டிருக்கிறீர்களா, கொடுக்க முன்வருவீர்களா' என்றொரு வினாத்தாள். சில விழுக்காட்டுக் கணக்குகள். முடிவில் 'மேலும் விழிப்புணர்வு தேவை' என்னும் பரிந்துரை. கேட்க வருபவரை மக்கள் ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி மட்டும் அந்தத் தாளில் இருப்பதில்லை.

தங்கவயலில் அக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1930இல் தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய முற்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். விரல் நுனித் தோலின் வரிகளைக்கூடப் பிறர் ஆணைக்குக் கொடுக்க மறுத்தவர்கள் அவர்கள். பாறைத்தூசு அவர்களுடைய நுரையீரலைத் தின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது வேலை போயிற்று. நிறுவனத்தின் மருத்துவமனையும் கைவிட்டுப் போயிற்று. உடலை எடுத்துக்கொண்டவர்களையே கண்ட ஊர், 'செத்த பிறகும் உரிப்பார்களா?' என்று கேட்டால் அதற்குப் பெயர் பட்டறிவு.

அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை இருக்கிறது. தொடை, கால், முதுகு ஆகியவற்றிலிருந்து காகிதம்போல் மெல்லிய மேலடுக்கு மட்டுமே எடுக்கப்படுகிறது. முக்கால் மணி நேர வேலை. குருதி வழியாது, முகம் மாறாது, கட்டுப்போட்டு உடலை வீட்டாரிடமே ஒப்படைப்பார்கள். இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசராலில் பதப்படுத்திக் குளிரில் வைத்தால் ஐந்தாண்டு வரை கெடாது. தீக்காயத்தின்மேல் வைக்கப்படும் அத்தோல் நிலைத்து வளர்வதில்லை; சில வாரங்களில் உடல் அதைத் தள்ளிவிடும். ஆனால் நீரிழப்பையும் கிருமித் தொற்றையும் தடுத்து அந்தச் சில வாரங்களைப் பெற்றுத் தருவதுதான் உயிரைக் காக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறந்தவரின் இதயத்தையோ கல்லீரலையோ கொடுக்கப் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவு நேர்ந்திருக்க வேண்டும். தோலுக்கு அது வேண்டாம். தொற்றுநோயோ தோல் நோயோ புற்றுநோயோ இல்லையெனில், தன் வீட்டுப் பாயில் இறந்த கிழவியும் கொடுக்கலாம். ஏழைக்கும் எட்டும் கொடை இது.

பிறகு ஏன் நடப்பதில்லை? பொதுவாக இறந்த ஆறு மணி நேரத்திற்குள் தோலை எடுத்தாக வேண்டும். பெங்களூரு விக்டோரியா மருத்துவமனையில் 2016 முதல் தோல் வங்கி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். முதல் ஒரு மணி நேரத்தில் யாராவது தொலைபேசியை எடுக்காவிட்டால் வாய்ப்புக் கைநழுவும். இழவு வீட்டில் அதை நினைவூட்டுவது யார்? உயிரோடிருந்தபோது உறுதிமொழிப் படிவம் நிரப்பியிருந்தாலும் நடைமுறையில் உறவினரின் இசைவே முடிவு செய்கிறது. அவர்களிடம் கேட்பது யார்?

சமய அச்சம் இல்லையென்று நான் சாதிக்கவில்லை. கண் தானத்துக்கும் அந்த அச்சம் இருந்தது. 2006இல் ராஜ்குமாரின் கண்களும் 2021இல் புனீத்தின் கண்களும் தானமாக வழங்கப்பட்டன. புனீத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் கண் தானத்துக்கு முன்வந்தோர் பெருகினர். மக்கள் நம்பிய ஒரு குடும்பம் ஊரறியக் கொடுத்தது. வாங்கிக்கொள்ளக் கண் வங்கி உரிய நேரத்தில் வந்தது. தோலுக்கு இவ்விரண்டில் எதை நாம் ஏற்படுத்தினோம்?

ஆய்வு நண்பர்களே, அடுத்த வினாத்தாளில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக ஒருவர் இறந்தபோது எவரேனும் வந்து கேட்டார்களா? நீங்கள் சரி என்றிருந்தால், ஆறு மணி நேரத்துக்குள் எவரேனும் வந்து சேர்ந்திருப்பார்களா? விடைகளை எண்ணி முடித்த பிறகு, அறியாமை எவருடையது என்று எழுதலாம்.