சொட்டுவது கீழே, கசிவது எங்கே?

போர்டிகோ தரையில் ஒரு கறுப்பு வட்டம். ஒரு ரூபாய் நாணயம் அளவு. காலையில் வாசல் தெளிக்கப் போன என் மனைவிதான் முதலில் பார்த்தார்.

"என்னங்க, உங்க காரு ஒழுகுது."

"ஏ.சி. தண்ணியா இருக்கும்" என்று படுக்கையில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னேன். அவர் விரலால் தொட்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். தண்ணீர் வழவழக்காது. கருகிய வாசமும் வீசாது.

அன்று ஆரம்பித்த தேடல் முடிய ஏழு வாரம் ஆனது. நடுவில் 9,500 ரூபாய் வீணாகப் போனது. மகளை நடுவழியில் பஸ் ஏற்றிவிட வேண்டி வந்தது. இதே வட்டம் இப்போது உங்கள் வீட்டு வாசலிலும் இருக்கலாம். அதனால் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கார் அடியில் எது சொட்டினாலும் பயப்படத் தேவையில்லை. முன் சீட்டுக்கு நேர்கீழே நிறமில்லாமல் சொட்டினால் அது ஏ.சி. தண்ணீர், சேலத்து வெயிலுக்கு அது சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பச்சையோ ரோஸோ என்றால் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். என் மனைவி நீட்டிய விரலில் இருந்தது கடைசி ரகம்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 72 மில்லி. இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். என் கார் மாதிரி சின்ன பெட்ரோல் கார்களுக்கு மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில்தான். நல்லவேளை, என் கார் அவ்வளவு ஒழுகவில்லை. இரவு முழுக்க நான்கைந்து சொட்டுதான்.

ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். லிஃப்டில் தூக்கினார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொதசொதவென்று நின்றது. நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிருச்சுங்க சார். கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். சீல் சில நூறு ரூபாய்தான். அதைத் தொடுவதற்கு கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. ஆக மொத்தம் 9,500.

கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம்? கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு நாள் தரை பளிச்சென்று இருந்தது. ஒன்பதாம் நாள் காலை மனைவி ஒன்றும் பேசவில்லை. விளக்குமாற்றால் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. 'கொஞ்சம்தானே, ஊற்றிக்கொண்டே ஓட்டலாம்' என்று அரை லிட்டர் கேன் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொண்டேன்.

மகளைச் சென்னை ஹாஸ்டலில் விடுவதற்காக மெத்தை, பக்கெட், ஊறுகாய் பாட்டில் சகிதம் கிளம்பினோம். வாழப்பாடி தாண்டும்போது ஏ.சி. காற்றில் எண்ணெய் கருகும் வாசனை. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் மெல்லிய வெண்புகை. இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் இரும்புக் குழாய் மீது எண்ணெய் இறங்கி, பொரிந்துகொண்டிருந்தது. முழு வேகத்தில் வந்த இன்ஜினில் அந்தக் குழாயின் சூடு நம் தோசைக்கல்லைவிடப் பல மடங்கு அதிகம். கார் தீப்பிடிக்கும் செய்திகளைப் படிக்கும்போது 'எப்படித்தான் பிடிக்குமோ' என்று கேட்பவன் நான். அன்று அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது.

எண்ணெய்க் கசிவைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள் என்பதற்கு ஆகாயத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு 469 பேருடன் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இன்ஜின் ஒன்று நடுவானில் வெடித்துச் சிதறியது. இன்ஜினுக்குள் எண்ணெய் கொண்டுபோகும் சின்னக் குழாய் ஒன்றைத் தொழிற்சாலையில் குடையும்போது மையம் விலகிவிட்டது. அதனால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, நாளடைவில் விரிசல் விட்டது. கசிந்த எண்ணெய் தீப்பிடித்தது. டர்பைன் தட்டு உடைந்து இறக்கையைத் துளைத்தது. விமானிகளின் திறமையால் விமானம் சிங்கப்பூருக்கே திரும்பி இறங்கியது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். மூலத்தைத் துல்லியமாகச் சொன்ன இறுதி அறிக்கை 2013-ல்தான் வந்தது. அதோடு ஒப்பிட்டால் என் ஏழு வாரம் ஒன்றுமேயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சூடு ஆறிய பிறகு மெதுவாக ஆத்தூர் வரை ஓட்டி, மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, மெத்தையோடு நாங்கள் வீடு திரும்பினோம். "ஊறுகாயாவது குடுத்து விட்டிருக்கலாம்" என்று வழியெல்லாம் மனைவி.

அந்த வாரமே நாமக்கல்லுக்குக் கிளம்பினேன். ஏன் நாமக்கல் என்று எங்கள் பக்கத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். லாரிக்குக் கூடு கட்டுவதும், கேஸ் டேங்கர் ஓட்டுவதும், பக்கத்துத் திருச்செங்கோட்டில் போர் ரிக் வண்டி வைத்து நாடு முழுக்கக் குழாய்க் கிணறு தோண்டுவதும் இந்த மண்ணின் தொழில். ஆஞ்சநேயர் கோயில் முன்னால் மாலை போட்ட புது லாரியைப் பார்க்காமல் ஊரைக் கடக்க முடியாது. அந்த ஊரில் லாரி இன்ஜினோடு நாற்பது வருஷம் புழங்கிய ஒரு பெரியவர் பட்டறை வைத்திருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். ஆண்டகளூர்கேட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

அவர் காருக்கு அடியில் பார்க்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"கடைசியா யாரு கை வெச்சாங்க தம்பி? எதைக் கழட்டி மாட்டுனாங்க?"

"நிக்கும்போது ஒழுகுதா, ஓடும்போது ஒழுகுதா?"

"ஆயில் மாத்தி எத்தனை மாசம் ஆச்சு?"

முதல் கேள்வியின் காரணத்தை அவரே சொன்னார். கசிவு பெரும்பாலும் கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் இருக்குமாம். ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடாமல் விடுவார்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கிவிடுவார்கள். இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்தால் எண்ணெய் நிற்காது.

இரண்டாவது கேள்வியும் அதே அளவு முக்கியம். இன்ஜின் ஓடும்போதுதான் பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளும். ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச் போன்ற இடங்களில் கசிந்தால் ஓடும்போது அதிகம் ஒழுகும். வண்டியை அணைத்தால் குறைந்துவிடும். அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் சேம்பரின் பேக்கிங், டிரெயின் போல்ட் என்றால் நிறுத்தி வைத்திருக்கும்போதும் விடாமல் சொட்டும். என்னுடையது ஓடி முடித்து நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் சொட்டி, பிறகு நின்றுவிடும். "அப்ப எங்கியோ மேல இருந்து வடிஞ்சு வருது" என்றார்.

பிறகு பையனைக் கூப்பிட்டு, ஆறிய இன்ஜினை டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவச் சொன்னார். ஆல்டர்னேட்டரையும் ஒயர் முனைகளையும் முதலில் பாலிதீன் கவரால் மூடினார்கள். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, ஏர் அடித்து, நன்றாகக் காயவிட்டார்கள். வருஷக்கணக்கில் எண்ணெயில் ரோட்டுப் புழுதி ஒட்டி அப்பிய கறுப்புக் களிம்பு போய், நான் பார்த்தே இராத வெள்ளி நிறத்தில் என் இன்ஜின் நின்றது. முந்தைய ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு வேலையைத்தான் செய்யவில்லை. கழுவாத இன்ஜினில் எல்லா இடமும் கசிவதுபோலத்தான் தெரியும்.

காய்ந்ததும் அந்தப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடர் டப்பா! இன்ஜினின் இணைப்பு இடங்கள் மீதெல்லாம் லேசாகத் தூவினார். "ஸ்டார்ட் பண்ணுங்க. ரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிராதீங்க. இங்கியே ஓடட்டும்."

ரோட்டில் ஓடினால் எதிர்க்காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். கசியும் இடம் ஒன்று, நனையும் இடம் வேறொன்றாகிவிடும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் அதற்குக் கீழ்நோக்கிப் போக மட்டுமே தெரியும். இப்போது எண்ணெயில் கலக்கும் ஒரு சாயம் வந்திருக்கிறது. புற ஊதா விளக்கை அடித்தால் கசியும் இடம் மட்டும் ஒளிரும். பவுடர் டப்பா அதே வேலையைச் சில ரூபாய்க்குச் செய்கிறது.

இருபது நிமிடம் ஆனது. இன்ஜினின் உச்சியில், டேப்பெட் கவரின் பின்பக்க மூலையில், வெள்ளைப் பவுடரில் மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு தோன்றியது. அது இன்ஜினின் முதுகு வழியாக மெல்ல இறங்கியது. ஒரு கிளை சைலன்சர் குழாய்ப் பக்கம் போனது. இன்னொன்று நேராகக் கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு.

மாற்றிய பழைய சீலை டிக்கியில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். அதன் உதட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். "ரப்பர் இன்னும் மெத்துனுதான் இருக்குது. ஆனா அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. எண்ணெய் அங்கதானே நின்னுச்சு!"

கதை இதோடு முடிந்தது என்று நினைத்து, பேக்கிங் வாங்கப் பணத்தை எடுத்தேன். "இருங்க" என்றார். இன்ஜினை ஓடவிட்டபடியே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார். நல்ல இன்ஜினில் அது லேசாக உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். என் காரில் அது பட்டம்போல எகிறி விழுந்தது.

இதை என் மனைவிக்கு நான் விளக்கிய விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒரு குழாயும் வால்வும் உண்டு. பி.சி.வி. வால்வு என்பார்கள், பட்டறையில் பிரீதர். குக்கரில் வெயிட் போடும் துளையைப் பருப்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? காஸ்கெட் ஓரமாகப் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். புது காஸ்கெட் போட்டாலும் கிளம்பும். என் காரில் அடைத்திருந்தது பருப்பல்ல. குழாய் முழுக்கப் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பசை. மூடியின் உள்பக்கமும் அதேதான். ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலந்தாலும் இப்படிப் பசை வரும் என்பதால் அதையும் சோதித்தார். தண்ணீர் மட்டம் சரியாக இருந்தது.

"தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"ஆபீஸுக்கு மூணு கிலோமீட்டர். திரும்ப மூணு."

"அதேதான். இன்ஜின் முழுசா சூடாகறதுக்குள்ள அணைச்சிர்றீங்க. உள்ள இருக்கற ஈரம் ஆவியாகிப் போக நேரமே குடுக்கறதில்ல. லாரி நாள் பூரா சூடு குறையாம ஓடும், இந்தக் கோளாறு வராது." பிறகு மூன்றாவது கேள்விக்குத் திரும்பினார். "ஆயில் எப்ப மாத்துனீங்கன்னு இன்னும் சொல்லலையே?"

பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருந்தேன். தினம் ஆறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்குப் பத்தாயிரம் எப்போது வரும்? இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. 'அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது' என்று கையேட்டில் அச்சடித்திருந்ததை நான் படிக்கவே இல்லை. தரையில் ஆரம்பித்த தேடல் கியர்பாக்ஸ், டேப்பெட் கவர், பிரீதர் என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் டிரைவர் சீட்டில் வந்து நின்றது.

புது பேக்கிங், வால்வு, ஃபில்டர், ஆயில், குழாய் சுத்தம் செய்த கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். வடித்த கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டிரம்மில் சேர்த்தார்கள். கிளம்பும்போது இன்னொன்றையும் சொன்னார்: டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை விளக்கு சிவப்பாக எரிந்தால், 'பங்க் வரைக்கும் போயிரலாம்' என்று ஓட்டக் கூடாது. அது அளவு குறைகிறது என்று முன்கூட்டியே சொல்லும் விளக்கு அல்ல. அழுத்தமே போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும். அளவு தெரிய வாரம் ஒரு தடவை, சமதரையில், அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் போதும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐம்பது கிலோமீட்டர் போய் வருகிறோம். மனைவிக்கு இதில் ஆட்சேபணை இல்லை.

நாமக்கல்லில் இருந்து திரும்பிய அன்று காரை நிறுத்தி, அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் குனிந்து பார்த்தோம். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு. எனக்கு நெஞ்சு திக்கென்றது. மனைவி விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ஏ.சி. தண்ணி" என்றார்.