பல்ஸ் இருந்தால் பெடல் வேண்டாமா?

35 வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தாவுக்கு வெல்டிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் என் தங்கை பேரன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வேலை பார்க்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "தாத்தா, ஓட்டை விழுந்த தகட்டுக்கெல்லாம் முதலாளி சம்பளத்துல பிடிக்கிறாரு. வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்" என்று கண் கலங்கினான். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

ஓட்டல் சமையலறைகளுக்கு எவர்சில்வர் தொட்டி, மேசை செய்கிற பட்டறை. தகடு 1 மி.மீ. கனம்தான். எவர்சில்வர் சாதாரண இரும்பைப் போல இல்லை. சூட்டைக் கடத்துவதில் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சூட்டில் விரிவதோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பட்ட சூடு பட்ட இடத்திலேயே நிற்கும். தகடு நெளியும், கொஞ்சம் அசந்தால் ஓட்டை.

"புது மெஷின்ல பல்ஸ் இருக்கு ஐயா, அப்புறம் பெடல் எதுக்கு?" என்றார் முதலாளி. மெஷினோடு வந்த கால் பெடல் மேசைக்கு அடியில் பெட்டியிலேயே தூசி படிந்து கிடந்தது.

பல்ஸ் என்றால் மின்சாரம் ஏறி ஏறி இறங்குவது. மேலே 60 ஆம்பியர், கீழே 15 என்று வைத்து, இரண்டுக்கும் பாதிப் பாதி நேரம் கொடுத்தால் சராசரி 37.5 தான். ஏறும்போது உலோகம் உருகும், அப்போது கம்பியைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். இறங்கும்போது உருகியது இறுகும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அது கடிகாரம் மாதிரி. தகட்டின் நடுவில் எப்படி அடிக்கிறதோ, அப்படியேதான் ஓரத்திலும் அடிக்கும். ஓரத்துக்கு வரும்போது தகடு முழுக்கச் சூடேறியிருக்கும்; சூடு போக வழியும் இருக்காது. பையனுக்கு ஓட்டை விழுந்ததெல்லாம் அந்த ஓரத்தில்தான்.

எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. மைக்கூட்டில் தொட்டு எழுதிய காலம். கோடு கீழே இறங்கும்போது பேனாவை அழுத்த வேண்டும், மேலே ஏறும்போது இலேசாக விட வேண்டும். அழுத்தம் அதிகமானால் தாள் கிழியும். "தூஸ்மான், தூஸ்மான்" என்பார் வாத்தியார். மெதுவாக, மெதுவாக! எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பது நிப்புக்குத் தெரியாது. கைதான் பழக வேண்டும். வெல்டிங்கில் அந்த வேலையைக் கால் செய்கிறது. மெஷினில் உச்ச அளவை வைத்துவிட்டால், அதற்குள் கூட்டுவதும் குறைப்பதும் பாதத்தின் பொறுப்பு.

முதலாளி கெட்டவர் இல்லை. கேட்டதும் பெடலை மாட்டச் சொன்னார். முதல் இரண்டு துண்டும் வீண். பையன் கால் கனத்தது. மூன்றாவதில் ஓரம் நெருங்கியதும் காலைத் தளர்த்தினான். முடிவில் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்ல விட்டான், குழி விழவில்லை. வாயு நிற்கும்வரை டார்ச்சையும் அசைக்கவில்லை. பல்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டுக்கும் சண்டை ஒன்றும் இல்லை.

"மாடிப்படியில கைப்பிடி வைக்கும்போது பெடலை எங்கே வைக்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஏணியில் நிற்பவனுக்கு டார்ச் சுவிட்சுதான் கதி. நீளமான ஒரே சீரான தையலுக்குப் பல்ஸ் மட்டுமே போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேசையில் உட்கார்ந்து பழகுகிற பிள்ளைக்கு முதலில் பெடலைக் கொடுங்கள். சூட்டைக் கண்ணால் பார்த்துக் காலால் அடக்கத் தெரிந்தவனுக்கு, பிறகு பல்ஸில் எத்தனை வைப்பது என்று தானாகவே புரியும்.

பையன் வேலையை விடவில்லை. பிடித்த பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை: பழகும்போது வீணாகிற தகட்டைப் பயிற்சிச் செலவு என்று தனித் தலைப்பில் எழுதுங்கள். பெடலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிள்ளையின் சம்பளத்தில் கை வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.