தளத்துக்குத் தண்ணி ஊத்துற மாசத்துல கதை எழுதச் சொல்றீங்க

"உங்க பக்கத்துலேர்ந்து ஏன் புனைவே வரமாட்டேங்குது?" கூட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணக்காரர்கள்தான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று இவ்வளவு நெருப்பும் சாவும் இருக்கிற மண்ணில் தலித் பெண்கள் ஏன் சாட்சியம் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள் என்று கவலைப்படுகிறார்கள். கையோடு வழியும் சொல்லிவிடுகிறார்கள்: கோடை விடுமுறையில் உட்கார்ந்து எழுதுங்கள். மே மாதம் பயிலரங்கு, நாலு நாள் வந்து தங்குங்கள்.

யாருக்குக் கோடை விடுமுறை? காலேஜ் வாத்தியாருக்கு இருக்கு, கோர்ட்டுக்கு இருக்கு. எங்களுக்குப் பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கலுக்குச் சில நாள் ஆபீஸ் அடைப்பு, அவ்வளவுதான். வெய்யில் அடிக்கிற மாசந்தான் பட்டாசுக்கு நல்ல மாசம். குழாயும் திரியும் காயணும், மருந்து செலுத்தின வெடி காயணும். வெடிக்கிறதும் அந்த வெய்யில்லதான். செங்கமலப்பட்டியில் பெண்கள் உட்படப் பலரைக் கொன்ற விபத்து 2024 மே 9ஆம் தேதி நடந்தது. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த வாரம்.

அதே வெய்யில் மாசந்தான் வீட்டுக்கும். எங்க காலனியில் இருப்பது தொகுப்பு வீடுகள். 1985இல் தொடங்கின இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கின அளவு 20 சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி. காண்ட்ராக்ட்காரர் போட்ட தளத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, காரை பெயர்ந்து சோத்துத் தட்டுல விழுது. ஐப்பசி மழைக்கு முன்னாடி சரிபண்ணலைன்னா ராத்திரி பூரா பாத்திரம் வச்சு ஏந்தணும். அதனால் பங்குனி பிறந்தா காலனியில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கொத்தனார் நிற்கிறார்.

கொத்தனாருக்கும் சிமெண்டுக்கும் காசு எங்கேயிருந்து வருது? இதை எந்த விமர்சகரும் கேட்டதில்லை. ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்குறோம். கணக்கப்பிள்ளை நோட்டுல பேரு ஏறினதும் அந்த வருசத்துக் கை அவுகளுக்குச் சொந்தம். வேற ஆபீஸ்ல கூலி கூடன்னாலும் போக முடியாது. உடம்பு முடியலைன்னு ரெண்டு நாள் நின்னா ஆள் வீட்டு வாசலுக்கு வந்துருவாரு. ஆக, தளத்தை ஒட்டுப்போட வாங்கின பணத்துக்கு எழுத வேண்டிய கையை அடகு வச்சிருக்கோம். மராமத்து வேறே, குடும்பம் வேறே, எழுத்து வேறே என்று மூணாப் பிரிச்சு 'எப்படிம்மா சமாளிக்கிறீங்க?' என்று பேட்டி எடுக்கிறவர்களுக்கு இந்த நோட்டு தெரியாது.

பூசின தளம் உடனே இறுகாது. பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும், குறைஞ்சது ஏழு நாள் ஈரம் காயக்கூடாது. காய்ஞ்சா வெடிப்பு விடும், போட்ட காசு போச்சு. விருதுநகர் ஜில்லாவில் சித்திரை மாசம் தண்ணி! குழாய்ல தண்ணி வர்ற அன்னைக்குக் குடம் வரிசையில நின்னு, குடிக்கத் தனியா, குளிக்கத் தனியா, தளத்துக்குத் தனியான்னு பிரிக்கணும். ஏணியில குடத்தோட ஏறுறது யாரு? வீட்டுக்காரர் ஏறமாட்டார். கொத்தனார் அண்ணன் 'தண்ணி ஊத்துறது பொம்பளையாளு வேலை'ன்னு சொல்லிட்டுப் போயிருவார். அதுக்கு எங்கேயும் கூலி எழுதுறதில்லை. இதைச் சொன்னால் நம்ம இயக்கத் தோழர்களே சிரிக்கிறார்கள். ஆதிக்கசாதியைப் பற்றி மூணு மணி நேரம் பேசுகிற தோழர் வீட்டுத் தளத்தில் ஏறிப் பாருங்கள், அங்கேயும் அவர் இல்லை.

நான் பங்குனியில் ஒரு கதை ஆரம்பிச்சேன். ஆபீஸ் வேன்ல ஜன்னலோரத்து இடத்துக்காக ரெண்டு பேர் தினமும் சண்டை போடுறாங்க. ஒருநாள் ஒருத்தி இடத்தை விட்டுக்கொடுக்கிறா. ஏன்னு எனக்கே இன்னும் தெரியாது, எழுதினாத்தான் தெரியும். மூணாவது பக்கத்துல நிக்குது. ஸ்கூல் லீவு, பிள்ளைக ரெண்டும் வீட்டில. சாமான் எல்லாம் வேப்பமரத்தடியில. நோட்டு அரிசி டின்னுக்குள்ள. ராத்திரி எடுத்தா அத்தை குரல் கொடுப்பாங்க: "ஏத்தா, மேல தண்ணி ஊத்துனியா இல்லையா?"

சாட்சியம் சொல்றதுக்கு இவ்வளவு வேண்டாம். குழாய் உருட்டிக்கிட்டே சொல்லலாம். ஒருத்தர் டேப்புல பிடிச்சுக்கிட்டுப் போவார், அச்சாகி வரும். கதை அப்படி இல்லை. கதைக்கு நேத்து விட்ட இடம் வேணும். நேத்து எந்த வாக்கியத்துல நிறுத்தினோமோ அதே வாக்கியத்துக்கு இன்னைக்குத் திரும்பி வர ஒரு மணி நேரம் வேணும், அது நாளைக்கும் வேணும். எங்கள் பெண்களுக்குக் கற்பனை இல்லை என்று முடிவுகட்டுகிற இலக்கியப் பீடங்கள் இந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் அழகியல் பேசுகின்றன.

'பாமா எழுதலையா?' என்று கேட்பீர்கள். எழுதினார். இதே மாவட்டத்துப் புதுப்பட்டியிலிருந்து வந்தவர். 1992இல் கன்னியர் மடத்தை விட்டு வெளியேறினார், அதே வருசம் 'கருக்கு' வந்தது. 1994இல் 'சங்கதி'. 'கருக்கு' நாவலா, தன்வரலாறா என்று பண்டிதர்கள் பட்டிமன்றம் நடத்தினார்கள். ஆனால் பாமாவுக்குப் படிப்பு இருந்தது, ஆசிரியர் சம்பளம் இருந்தது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற மைக்கண்ணி வருகிறாளே, அவள் தன் கதையைத் தானே எழுத என்ன வேணும்? அதைக் கேளுங்கள். வர்ஜீனியா உல்ஃப் 1929இலேயே ஒரு பெண் புனைகதை எழுதத் தனி அறையும் வருசத்துக்கு ஐந்நூறு பவுண்டும் வேணும்னு கணக்குப் போட்டுச் சொன்னார். அந்தம்மாவுக்கு அத்தை விட்டுப்போன சொத்து வந்தது. எங்களுக்கு அத்தை மட்டும்.

பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. விதியை எத்தனை ஆபீஸ் மதிக்குதுங்கிறது வேற விசயம். மருந்துக்காவது இத்தனை பேர்தான் என்று சர்க்கார் எழுதி வச்சிருக்கு. 215 சதுர அடியில் நாங்க ஆறு பேர். 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி என்கிறது. கூடின அடி நல்லதுதான், வேண்டாம்னு யாரும் சொல்லலை. அந்த 360லயும் மேசை போட இடம் எங்கேன்னு வரைபடம் போட்டவர் காட்டட்டும்.

பயிலரங்கு நடத்துகிற தோழர்களுக்கு நேராகவே சொல்கிறேன். மே மாதத்தை விடுங்கள். தீபாவளி கழிஞ்சதும் ஆபீஸ்கள் சில வாரம் அடைச்சுக் கிடக்கும். அப்ப வையுங்கள். சிவகாசியிலேயே வையுங்கள், மதுரைக்கு இழுக்காதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ரெண்டு ஆம்பளைத் தோழர்களை நிறுத்துங்கள். வருகிற ஒவ்வொருத்திக்கும் அந்த நாலு நாள் கூலியைக் கையில் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாச்சே என்று யோசிக்க வேண்டாம். மழை பெய்தால் தளத்துக்கு நாங்க தண்ணி சுமக்க வேண்டியதில்லை.