குட்டி யானையின் மூன்றாவது கியர்

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி, ஆவடி–பூந்தமல்லி சாலையில் தண்ணீர் கேன் ஏற்றிய பழைய டாடா ஏஸ் ஒன்று திணறிக்கொண்டு போகிறது. கியர் குமிழில் எண்கள் தேய்ந்தே போய்விட்டன. தடி கிடுகிடுவென நடுங்குகிறது. ஓட்டுநரோ டாப் கியரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். கேட்டால், டீசல் மிச்சமாம்.

வெறும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. பாரம் ஏறினால் செல்லாது. 2005-இல் அறிமுகமான, குட்டி யானை என்று பேர் வாங்கிய இந்த டாடா ஏஸுக்கு 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். இழுவிசை உச்சம் தொடுவது நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில். அதற்கு வெகு கீழே இன்ஜினை இறக்கிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் வராது, கரும்புகைதான் வரும். அரைகுறையாக எரிந்த டீசல் அது. மிச்சம் பிடித்த காசு புகையாய்ப் போகிறது. (யானை என்று பேர் வைத்துவிட்டால் எதையும் இழுத்துவிடுமா என்ன?)

பழைய வண்டியில் காதுதான் மீட்டர். இன்ஜின் முனகினால் மூன்றுக்கு இறக்க வேண்டும். அலறினால் ஏற்ற வேண்டும்.

மேம்பாலம் என்றால் ஏறத் தொடங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் யோசித்தால் வேகம் செத்து, இரண்டாம் கியருக்கே போக நேரும். வழியெல்லாம் கிளட்சில் பாதத்தை வைத்தபடியே ஓட்டுகிறவர்களுக்கு மெக்கானிக் ஷெட்டில் தனி வரவேற்பு உண்டு.