ஸூராவின் பெயர் முதலில் வரட்டும்

எமது மாத்தளை மாவட்டத்தில் இருக்கும் சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில், பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் குன்றைப் பார்க்க வந்தவர்கள் கவிதைகளைக் கீறிச் சென்றார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 கவிதைகளை வாசித்தறிந்து, இலக்கமிட்டு 1956இல் நூலாக வெளியிட்டார். இன்று எந்த நாட்டவரும் இலக்கத்தைக் கொண்டே அந்தக் கவிதையைத் தேடி எடுக்கலாம். இலக்கம் என்பது கேட்பவருக்கு நாம் காட்டும் வழி. வழியைப் பிழையாகச் சொன்னால் அவர் வேறோர் இடத்தில் போய் நிற்பார்.

அல்குர்ஆன் வசனங்களின் இலக்கமும் அப்படித்தான். தமிழில் பேசும்போது "ஸூரத்துல் பகராவின் 255ஆவது வசனம்" என்று தெளிவாகச் சொல்கிறோம். ஆங்கில தினப் போட்டியிலோ மீலாத் விழாவிலோ ஆங்கிலத்தில் பேசும்போதுதான் தடுமாறுகிறோம். தாளில் 2:255 என்றிருப்பதை "டூ டூ ஃபிஃப்டி ஃபைவ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் அதை 22ஆவது ஸூராவின் 55ஆவது வசனம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆயத்துல் குர்ஸியைத் தேட வேண்டியவர் ஸூரத்துல் ஹஜ்ஜைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஆங்கில எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலிபெருக்கியில் "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் 15 அல்ஹிஜ்ர், 50 காஃப். 17 அல்இஸ்ரா, 70 அல்மஆரிஜ். 19 மர்யம், 90 அல்பலத். பெயரைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

ஆகவே என் கருத்து இதுதான்: முதலில் ஸூராவின் பெயர், அடுத்து "சாப்டர் டூ", சற்று நிறுத்தி "வேர்ஸ் டூ ஹன்ட்ரட் அன்ட் ஃபிஃப்டி ஃபைவ்". நடுவிலுள்ள இரு புள்ளிகளை வாசிக்கத் தேவையில்லை. 96:1-5 போலப் பல வசனங்கள் வந்தால் ஸூராவின் பெயருக்கும் எண்ணுக்கும் பிறகு "வேர்சஸ் வன் டு ஃபைவ்" என்று பன்மையில் சொல்ல வேண்டும்.

கிறிஸ்தவ சகோதரர்கள் "ஜோன் த்ரீ சிக்ஸ்டீன்" என்று சுருக்கமாகத்தானே சொல்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கேயும் நூலின் பெயர்தான் முதலில் வருகிறது. அறபுப் பெயர் மாற்று மதத்தவருக்கு விளங்குமா என்றும் கேட்கலாம். அதற்காகத்தான் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறோம். பெயர் ஓதிப் பழகியவர்களுக்கு; எண் முதன்முதலாக மொழிபெயர்ப்பைத் திறப்பவருக்கு.

இதை வெறும் உச்சரிப்பு விடயமாக நான் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் வெட்டி எடுக்கப்பட்ட வசனங்களால் எமது சமூகம் பட்ட வேதனை கொஞ்சமல்ல. வசனத்தின் இடத்தைச் சரியாகச் சொல்பவள், "நீங்களே திறந்து, முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள்" என்று அழைக்கிறாள். அல்லாஹ்வின் வார்த்தையை எடுத்துச் சொல்வது ஓர் அமானிதம். அது எங்கே இருக்கிறது என்று சொல்வதும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே.

பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் ஆங்கிலப் பேச்சைப் பாடமாக்கும்போது தாளைப் பார்க்காமல் கேளுங்கள். கேட்டதை வைத்தே அந்த வசனத்தைக் குர்ஆனில் தேடுங்கள். உங்களால் எடுக்க முடிந்தால் சபையிலுள்ளவர்களாலும் முடியும்.