மூன்று ராசாக்களும் நம் பிள்ளைகளும்

ஜனவரி 6ஆம் திகதி திருக்காட்சித் திருநாள். நம் பாட்டன் பாட்டிமார் இதனை ‘மூன்று ராசாக்கள் திருநாள்’ என்றே சொல்லி வந்தார்கள். பல நாடுகளில் ஜனவரி 2க்கும் 8க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் இதனைக் கொண்டாடுகிறார்கள். நானுஓயாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இது பனிக்காலம். கிறிஸ்மஸ் செலவில் கையிலிருந்த காசு கரைந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்க வழி தேடும் நாட்களில் இத்திருநாள் வருகிறது. ஆகவே பல ஆலயங்களில் இது கிறிஸ்மஸின் மிச்சம்போல் கழிந்துவிடுகிறது. மூன்று சிறுவர்களுக்குத் தங்கத்தாளில் முடி செய்து சூட்டுகிறோம். மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருந்து பார்க்கிறார்கள். அத்துடன் விழா முடிகிறது.

நிலத்தையும் வீட்டையும் இழந்து வேறிடத்தில் வாழும் குடும்பங்களுக்கு இவ்வளவு போதுமா? எல்லாத் திருநாட்களிலும் இதுவே இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான திருநாள் என்பது என் கருத்து.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். வந்தவர்கள் மூவர் என்றோ, அரசர்கள் என்றோ அங்கே எழுதப்படவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்று மட்டுமே சொல்லப்படுகிறது. மூன்று காணிக்கைகளைக் கொண்டு ஆட்களையும் மூன்றாக்கியது பிற்கால வழக்கம். அவர்கள் வேற்று நாட்டார், வேற்று நம்பிக்கை உள்ளவர்கள். எருசலேமில் மறைநூலைக் கற்றறிந்தவர்கள் பிறந்த இடத்தைச் சரியாகச் சொன்னார்கள், ஆனால் போய்ப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களே போய்ப் பார்த்து வணங்கினார்கள். லயத்தில் நமக்குப் பக்கத்து அறையில் இருப்பது சைவக் குடும்பமாக இருக்கலாம், சிங்களக் குடும்பமாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளையும் இத்திருநாளுக்கு அழைக்காமல் இதன் பொருளை எப்படி விளங்கப்படுத்துவது?

கதை காணிக்கையோடு முடிவதும் இல்லை. அதே அதிகாரத்தில், இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்கு ஓடுகிறார்கள். பெத்லகேமில் ஏரோது குழந்தைகளைக் கொல்லுகிறான். அவன் செத்த பிறகு குடும்பம் திரும்பி வருகிறது. ஆனால் யூதேயாவில் அவன் மகன் ஆளுவதாகக் கேள்விப்பட்டு, அங்கே போகப் பயந்து, கலிலேயாவிலுள்ள நாசரேத்தில் குடியேறுகிறது. திரும்பி வந்தும், போக நினைத்த இடத்துக்குப் போக முடியாத குடும்பம் அது. இந்தப் பகுதியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஏன் விட்டுவிடுகிறோம்?

“சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தலாமா?” என்று மறைக்கல்வி ஆசிரியர் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொலையை விவரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நம் பிள்ளைகள் பயத்தை அறியாதவர்கள் அல்லர். மலையகத்தில் 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குத் தப்பி, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள், போர் முடிந்த 2009 வரை மீண்டும் மீண்டும் ஓடவேண்டி வந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகளால் எத்தனையோ வீடுகளும் தோட்டங்களும் போயின. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு ஓடிய பிள்ளைக்கு, இயேசுவும் அப்படித் தூக்கிச் செல்லப்பட்டவர் என்று சொல்வது பயமுறுத்தல் அல்ல. இப்படி ஓடியது நம் குடும்பம் மட்டுமல்ல என்று அதற்குத் தெரியட்டும்.

அடுத்தது, கொடுப்பது பற்றிய விடயம். இடம்பெயர்ந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பரிசுப் பொதி கொடுத்துப் படம் எடுப்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எப்போதும் கை நீட்டியே வளரும் பிள்ளை, தன்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று நம்பத் தொடங்கும். 1843இல் பிரான்சு நாட்டு ஆயர் சார்ல்ஸ் தெ ஃபோர்பின்-ஜான்சன் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கியபோது, பிள்ளைகளே பிள்ளைகளுக்கு உதவவேண்டும் என்பதே அவர் எண்ணம். 1950இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அச்சபைக்கென ஓர் உலக நாளை ஏற்படுத்தினார். அது திருக்காட்சித் திருநாளோடு இணைக்கப்பட்டது. ஜெர்மனியில் 1959 முதல் பிள்ளைகள் ஞானிகளைப்போல் உடுத்தி, விண்மீனைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் பாடிச் சென்று, பிற நாட்டுப் பிள்ளைகளுக்காகக் காசு சேர்க்கிறார்கள். கதவின் மேல் சுண்ணக்கட்டியால் ஆண்டின் இலக்கங்களையும் மூன்று எழுத்துக்களையும் எழுதுகிறார்கள். ‘கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக’ என்பது அவற்றின் பொருள்.

நம் பிள்ளைகள் எந்தக் கதவில் எழுதுவது? சிலருக்குக் கூடாரத் துணிதான் கதவு. சிலருக்குத் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான லயத்துக் கதவு. எழுதட்டும். ஞானிகள் நுழைந்ததும் ஒரு ‘வீடு’ என்றே மத்தேயு சொல்கிறார். அது யாருடைய வீடு, வாடகை வீடா, சொந்த வீடா என்று அவர் கேட்கவில்லை. குடியிருக்கும் இடம் ஆசீர்வதிக்கத் தக்கது என்று பிள்ளை அறிந்தால், அதற்குக் காணி உரிமை கேட்கும் துணிவும் ஒரு நாள் வரும்.

ஆகவே பங்குத்தந்தையரிடமும், மறைக்கல்வி ஆசிரியர்களிடமும், அன்பியங்களிடமும் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன்.

முதலாவது, மூன்று பேருக்கு முடி சூட்டுவதை விட்டு, வந்த பிள்ளைகள் எல்லாரையும் பயணிகளாக்குங்கள். ஆலயத்தைச் சுற்றி விண்மீனுக்குப் பின்னால் எல்லாரும் நடக்கட்டும். எகிப்துக்குப் போன வழியையும் சேர்த்து நடக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளையும் தன்னால் கொடுக்கக் கூடியதைக் கொண்டுவரட்டும். ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கரட், வரைந்த படம், நோயாளிக்குத் தண்ணீர் எடுத்துத் தருவதாக ஒரு வாக்குறுதி எதுவும் காணிக்கைதான்.

மூன்றாவது, பெரியவர்களாகிய நாம் கொடுக்கவேண்டியது. ஞானிகள் கொடுத்த பொன் எகிப்துப் பயணத்துக்கு உதவியிருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. இன்று நம் பிள்ளைகளுக்கு உதவும் பொன் எது? பிறப்புச் சான்றிதழ். ஓட்டத்தில் தொலைந்தவற்றுள் பலருக்கு இதுவும் ஒன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் குறையைச் சுமந்த மக்கள் நாம். ஒரு துண்டுக் கடதாசியின் மதிப்பு நமக்குத் தெரியும். அன்று பூசை முடிந்ததும் ஒரு மேசை போட்டு, எந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை, எந்தப் பிள்ளை பாடசாலையில் சேரவில்லை என்று எழுதுங்கள். மறுநாளே இருவர் பொறுப்பேற்று, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அந்தப் பெற்றோரோடு கூடப் போகட்டும். தனியே போகும் தாயைத் திருப்பி அனுப்புவது எளிது. கூட இருவர் நின்றால் அவ்வளவு எளிதல்ல.

எச்சரிக்கப்பட்ட ஞானிகள் வேறு வழியாய்த் தம் நாடு திரும்பினார்கள். சரியும் மலைக்கே மீண்டும் குடும்பங்களை அனுப்பாமல், பாதுகாப்பான காணி என்ற வேறு வழியைத் திறக்கும்படி கேட்பது நமது கடமை. அதற்கு நாளாகலாம். சான்றிதழ் எடுக்க அவ்வளவு நாள் தேவையில்லை. திருக்காட்சிக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் ஒரு வாரம் இருக்கிறது. பொங்கலுக்கு முன் ஒரு பிள்ளையின் கடதாசியாவது கைக்கு வர முயல்வோம்.