சோம்பலா, மனச் சுமையா?

மீளக்குடியமர்ந்த கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "விதைநெல்லும் குடுத்தாச்சு, மண்வெட்டியும் குடுத்தாச்சு. ஆள் இன்னும் காணிக்குள்ள இறங்கேல்லை. நிவாரணத்தில இருந்து பழகிப்போச்சு." இதை வெளியிலிருந்து வந்த ஓர் உத்தியோகத்தர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், அவருக்கு எம்மைத் தெரியாது. அதே தறப்பாளின் கீழ் எம்மோடு நனைந்தவர்களே சொல்லும்போதுதான் வலிக்கிறது. இருபது, முப்பது வருடம் விடியப்புறம் எழும்பி இறைப்புக்குப் போன மனிதன் ஒரு நாளில் சோம்பேறியாகிவிடுவதில்லை. அவனுள் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அது என்னவென்று விளங்கிக்கொள்ள உளவியல் எமக்கு உதவும்.

ஆபத்து வரும்போது உடல் தானாகவே ஆயத்தமாகிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்க, நெஞ்சு படபடக்கிறது, தசைகள் முறுகுகின்றன, பசி அடங்குகிறது. செல் அடிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாயும் பலம் தாய்மாருக்கு இப்படித்தான் வந்தது. ஆகவே நெருக்கீடு தன்னளவில் ஒரு நோயல்ல. ஆனால் பகல் முழுவதும் உழுத மாட்டைப் பின்னேரம் நுகத்திலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காவிட்டால் கழுத்துப் புண்ணாகும், மாடு படுத்துவிடும். 1995 ஐப்பசி முடிவில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்கள், 2009 இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்தவர்கள் என எம்மிற் பலருக்கு அந்த நுகம் அவிழ்க்கப்படவேயில்லை.

உடலைப் போலவே மனதும் தன்னைக் காத்துக்கொள்ளச் சில வழிகளை வைத்திருக்கிறது. சிக்மண்ட் புரொய்ட் இவற்றைப் பற்றி எழுதினார். அவருடைய மகள் அன்னா புரொய்ட் 1936 இல் இவற்றை ஒரு தனி நூலாகவே வகுத்துத் தந்தார். தாங்கமுடியாத ஒன்றை மனம் தன்னையறியாமலே மறைத்தும் மாற்றியும் வைத்துக்கொள்கிறது என்பதே அதன் சாரம். தோட்டத்துக்கு வேலி போன்றது இது. வேலி வேண்டும், ஆனால் படலையும் வேண்டும்.

மறுத்தல் என்பது அவற்றில் ஒன்று. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் பலர், கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றே உடுத்த உடுப்போடு வந்தார்கள். அவர்களிற் சிலரது செம்மண் காணி 30 வருடம் கடந்தும் கைக்கு வரவில்லை. இருக்கும் இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை வையுங்கள் என்றால், "ஏன், நாங்கள் போகப்போறம்தானே" என்பார்கள். முதல் வருடங்களில் அந்த எண்ணம்தான் அவர்களை உயிரோடு வைத்திருந்தது. அதைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஆறேழு வருடத்திற் காய்த்திருக்கக்கூடிய தென்னை அது. (காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்குச் சோறு எடுத்துவைக்கும் தாயையும் இந்தக் கணக்கிற் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் சேர்க்கமாட்டோம். பிள்ளைக்கு என்ன நடந்ததென்று ஒருவரும் பதில் சொல்லாதபோது, அவள் எதை மறுக்கிறாள்?)

இன்னொன்று, ஓரிடத்துக் கோபத்தை வேறிடத்திற் கொட்டுவது. கந்தோரில் காலையிலிருந்து மத்தியானம் வரை வரிசையில் நின்று, "நாளைக்கு வா" என்ற சொல்லைக் கேட்டு வந்தவர், வீட்டில் தேத்தண்ணி ஆறிப்போனதற்காகப் பிள்ளைக்கு அடிக்கிறார். உளவியலில் இதற்கு இடம்பெயர்த்தல் என்றே பெயர். எமக்கு இந்தச் சொல்லின் பொருளை விளக்கத் தேவையில்லை. அடி வாங்கிய பிள்ளைக்கு மட்டும் அது ஏனென்று தெரியாது. குடிப்பவர் "உடம்பு நோவுக்கு, நித்திரைக்கு" என்று காரணம் சொல்வதும் இவ்வகையினதே. அவர் பொய் சொல்லவில்லை, தானும் அதை நம்புகிறார்.

காணிக்குள் இறங்காத மனிதனிடம் மீண்டும் வருவோம். அந்தக் காணியின் மூலையில்தான் பங்கர் இருந்திருக்கும். அங்கேதான் தம்பி விழுந்திருப்பான். அந்த இடத்தைத் தவிர்ப்பது மனவடுவின் முக்கியமான அறிகுறி. வேறு சிலருக்கு இழப்பே பாடமாகிவிட்டது. மூன்று முறை நட்டு, மூன்று முறையும் வெட்டாமல் விட்டு ஓடியவரின் கை நாலாம் முறை நட மறுக்கிறது. 1967 இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரக்கமற்ற சோதனைதான். தப்பமுடியாதபடி மின் அதிர்ச்சி பெற்ற நாய்களிற் பெரும்பாலானவை, பிறகு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் படுத்தே கிடந்தன. எதைச் செய்தும் பயனில்லை என்று அவை கற்றுவிட்டன என்பதே அன்று அவர்கள் தந்த விளக்கம். எமக்கு முக்கியமானது அதற்குப் பின் கண்டதுதான். கூப்பிட்டும் அவை அசையவில்லை. கயிற்றைப் பிடித்துத் திரும்பத் திரும்பத் தடுப்புக்கு அப்பால் இழுத்துச் சென்றபோது, தாமாகத் தாண்டப் பழகிக்கொண்டன.

இவையெல்லாம் நோயா? எல்லாம் அல்ல. போர் கண்ட இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோவொரு உளநோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் மதிப்பிட்டது. மற்றைய நால்வருக்குத் தேவை மருந்தல்ல. உறவும் தொழிலும் காணியும்தான். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குறைந்து, ஒன்றிலும் மனம் பற்றாமல் ஒருவர் இருந்தாலோ, ஒரு மாதம் கடந்தும் பழைய காட்சிகள் கண்முன் வந்து வெடிச்சத்தத்துக்கு உடல் நடுங்கினாலோ, அவர் வைத்தியரைக் காணவேண்டும். தலையிடி, நாரி நோ என்று பனடோல் வாங்கித் திரும்புவோர் பலரின் உண்மையான நோ மனதில் இருக்கிறது. அதையும் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் மருந்துக்குக் காசில்லை. "விசர்" என்று ஊர் சொல்லுமென்று அஞ்சி முதலில் பூசாரியிடம் போய் மாதங்களைக் கழிப்பவர்களைக் காண்கிறோம். கழிப்புச் செய்வது உங்கள் விருப்பம், வைத்தியத்தைப் பிற்போடவேண்டாம்.

பயிருக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் வைக்கவேண்டாம் என்பதையும் வற்புறுத்துகிறோம். 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேரளவில் தம்முயிரைப் போக்கினர். கடும் நஞ்சு மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டாதிருந்தால், கெட்ட நேரம் கடந்துபோகும். பூட்டிய பெட்டியில், முடிந்தால் சங்கக் களஞ்சியத்தில் வையுங்கள். மனம் உடைந்த வேளையில் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தினருடன் பேசலாம்.

கமக்காரர் அமைப்புகளிடம் எமது வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரு போகம் விதைக்கவில்லை என்பதற்காக ஒருவரின் பெயரை உதவிப் பட்டியலிலிருந்து வெட்டாதீர்கள். இரண்டு ஏக்கருக்குக் கடனைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். முதலில் வீட்டுக் கிணற்றடியில் நூறு மிளகாய்க்கன்று போதும். அயலவர் இருவர் கூடப்போய் பாத்தி கட்டட்டும், முதல் இறைப்புக்கும் கூட நிற்கட்டும். பழைய காணிக்குள் அவர் எப்போது இறங்குவதென்பதை அவரே சொல்லட்டும். அது அடுத்த காலபோகமாகவும் இருக்கலாம், அதற்கடுத்ததாகவும் இருக்கலாம்.